ருசி பார்க்காமல் வைத்த கைப்பிரீஞ்ஞா

சித்தப்பா,

இன்று பள்ளிக்கூடத்துக் கோடை விழாவில் என்னைக் குளிர்பான மேசைக்குப் பொறுப்பாக நிறுத்திவிட்டார்கள். என்னைக் கண்காணிக்க அதுதான் வசதியான இடம் போலும். பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி ஒரு தேசிக்காயை வெட்டி, சீனியோடு கிளாஸில் போட்டு நசித்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் மேசைக்குப் பின்னால் குந்திவிட்டேன். என்ன என்று கேட்டாள். கண்ணில் எலுமிச்சம் புளி தெறித்துவிட்டது என்றேன். நம்பிவிட்டாள். புளுகுவதில் நமது கூட்டுக் கம்பனியில் இப்போது நான் மட்டும்தான் வேலையில் இருக்கிறேன்.

பொதி வண்டி ஓட்டும் வேலையில் உங்களோடு இருந்த பிரேசில்காரர் ஒருநாள் தன் வீட்டுக்கு உங்களைக் கூப்பிட்டார். போகும்போது முழு யாழ்ப்பாணத்தவராகப் போய், வரும்போது அரைப் பிரேசில்காரராக வந்தீர்கள். அதன்பிறகு இந்த ஜேர்மன் ஊரில், வுப்பர்டாலில், எந்தச் சொந்தக்காரர் வீட்டுக் கொண்டாட்டம் என்றாலும், மற்றவர்கள் வடையும் ரோல்ஸும் கொண்டுவர, நீங்கள் கொஷீஞ்ஞா கொண்டுவந்தீர்கள். கோழி அவித்த தண்ணீரில் மாவைக் கிண்டி, உதிர்த்த இறைச்சியை உள்ளே வைத்து, தண்ணீர்த்துளி போலப் பிடித்து, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிப்பது. பிரேசில்காரர் சொல்லித்தராத கொச்சிக்காயையும் உறைப்புக்காக நீங்களாக அரிந்து போட்டீர்கள். "கொச்சிக்காய் இல்லாமல் என்ன கொஷீஞ்ஞா?" என்று நான் சொன்னதை, நீங்களே சொன்னது போல வீட்டுக்கு வீடு சொல்லித் திரிந்தீர்கள். அந்த வசனம் என்னுடையது. வழக்குப் போட்டு உங்களை இனிக் கோட்டுக்கு இழுக்கவும் வழியில்லை.

அந்த வீட்டில் பழகிவந்த குடிவகை, கைப்பிரீஞ்ஞா, மட்டும் உங்களுடைய தனிச் சொத்து. மற்ற ஆட்கள் எல்லாம் விஸ்கிக்காரர். அந்தப் பிரேசில்காரரும் ஊருக்குத் திரும்பிய பிறகு அதைக் குடிக்க நீங்கள் ஒருவர்தான். சித்தியின் கீரை மத்தைத் தூக்கிவந்து தேசிக்காயை நசிப்பீர்கள். "கீரை கடைஞ்ச மத்தும் குடிகாரனாப் போச்சு" என்பா சித்தி. அவ ஒரு துளிகூட வாயில் வைத்ததில்லை. எனக்குத் தனிக் கிளாஸ். கரும்புச் சாராயத்துக்குப் பதில் இஞ்சிச் சோடா. "மெல்லமா நசி பிள்ளை, தோல் நொந்தால் கைக்கும்" என்பீர்கள். சாராயத்தை ஒருநாளும் அளந்து ஊற்றியதில்லை. கரண்டி நுனியை நாக்கில் வைத்துப் பார்ப்பீர்கள், இன்னும் கொஞ்சம் விடுவீர்கள், திரும்பவும் வைத்துப் பார்ப்பீர்கள்.

பெரியப்பாவின் அறுபதாம் பிறந்தநாளை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். தனக்கும் ஒன்று வேண்டும் என்று அவர் வந்து நின்றார். நீங்கள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினீர்கள். நான் என்னுடைய இஞ்சிச் சோடாக் கிளாஸை நீட்டினேன்.

"கவனம் பெரியப்பா, இது வலு ஸ்ட்ரோங்."

"எடியே, நான் பார்க்காத ஸ்ட்ரோங்கே?" என்று ஒரே மூச்சில் குடித்தார். பத்து நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று கதிரையைப் பிடித்தார். பிறகு பாடினார். நீங்கள் பால்கனிக்கு ஓடிப்போய்ச் சிரித்தீர்கள்.

பிறகு ஒரு சாதாரண வேலைநாளில் உங்கள் இதயம் யாரையும் கேட்காமல் நின்றுவிட்டது.

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு எல்லாரும் உங்கள் வீட்டில் கூடினோம். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படைக்கும் நாள் அது. மீன், இறைச்சி என்று மச்சமும் வைக்கலாம், குடித்தவருக்குக் குடியும் வைக்கலாம். புட்டு, கணவாய்க் கறி என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, சித்தி தலை நிமிராமல் சொன்னா: "அந்தப் பிரேசில் சாமானும் வைக்கவேணும். அதில்லாட்டி இவர் வந்தும் திரும்பிப் போயிடுவார்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கொஷீஞ்ஞாவை எப்படியோ பிடித்துவிட்டேன். எட்டிப் பார்த்த பெரியப்பா, "இதென்ன, மோதகத்துக்குக் கழுத்து நீண்டுபோச்சு?" என்றார். அலுமாரியில் நீங்கள் பாதி விட்டுப்போன போத்தலை எடுத்தேன். தேசிக்காயை நசித்தேன், சீனி போட்டேன், சாராயத்தை விட்டேன், கரண்டியைத் தூக்கினேன்.

"வாயில வைக்காதை," என்றார் பெரியப்பா. "படையலுக்கு வைக்கிறதை ருசி பார்க்கக் கூடாது."

"பார்க்காமல் எப்பிடித் தெரியும் பெரியப்பா?"

"எனக்குத் தெரியும். நான் ஒருக்காக் குடிச்சனான். வலு ஸ்ட்ரோங்கா இருக்கவேணும்."

சித்தப்பா, அந்த இடத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். பழக்கத்தில், நீங்கள் நிற்கும் பக்கம். அங்கே குளிர்சாதனப் பெட்டிதான் நின்றது. உலகத்திலேயே அந்தப் பகிடி தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்திதான். சிரிக்கவும் ஏலவில்லை, சொல்லவும் ஏலவில்லை. பதினாறு வயதில் எனக்கு அந்தச் சாராயத்தின் ருசியும் தெரியாது. ஒரு குத்துமதிப்பில் இன்னும் கொஞ்சம் விட்டு, ஐஸை நிரப்பினேன்.

உங்கள் படத்துக்கு முன்னால் இலை விரித்து, எல்லாவற்றையும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே இருந்தோம். நீங்கள் வந்து சாப்பிடும் நேரமாம். யாரோ தேவாரம் தொடங்கினார்கள். என் காது முழுக்கக் கதவில்தான்.

"பெரியப்பா, ஐஸ் கரையுது."

"கரைஞ்சால் கரையட்டும். அவனுக்கென்ன அவசரம், ஆறுதலா வந்து போகட்டும்."

"தண்ணியாப் போனால் அவர் குடிக்க மாட்டார்."

தேவாரம் அடுத்த அடிக்குப் போனது. உங்களுக்காக நான் செய்யக்கூடிய கடைசி வேலை மூடிய கதவுக்குப் பின்னால் மெல்ல மெல்லக் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தேன். குறும்பு, புளுகு, ஓட்டம், எனக்குத் தெரிந்த ஒரு வித்தையும் அந்தக் கதவுக்கு முன்னால் எடுபடவில்லை.

கதவைத் திறந்தபோது ஐஸ் இல்லை. கிளாஸ் வியர்த்து, இலையின் ஓரம் நனைந்திருந்தது. சித்தி போய் அந்தக் கிளாஸை எடுத்தா. ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு மிடறு குடித்து, முகத்தைச் சுளித்து, இன்னொரு மிடறு குடித்தா. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டா:

"இப்பிடித்தானே பிள்ளை இருக்கும், அவர் குடிக்கிறது?"

அவ வாழ்நாளில் அதைத் தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை. தெரிந்த ஒருவர் படத்துக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் சித்தி," என்றேன். "இப்பிடித்தான்."

அவ தலையாட்டிவிட்டுக் கிளாஸை முடித்தா, மருந்து குடிப்பது போல, ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல்.

நான் சொன்ன புளுகுகளுக்குக் கணக்கில்லை. எது புளுகு, எது உண்மை என்று எனக்கு எப்போதும் தெளிவாகத் தெரியும். அந்த "ஓம்" எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியவில்லை. இன்னும் இரண்டு வருடத்தில் சட்டப்படியே குடித்துப் பார்க்கலாம். குடித்தாலும், இதுதானா என்று கேட்க நீங்கள் இல்லை. சித்தி இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுறா, அவரின்ர ருசியை இந்தப் பிள்ளை அப்பிடியே பிடிச்சு வச்சிருக்கிறாள் என்று. நான் வாயைத் திறப்பதில்லை.