காந்தத்தைத் திருப்பிப் போடு

ராச்செஸ்டர்
பிப்ரவரி 3

அன்புள்ள எவரெட்,

நான் நலம். நீயும் நலமென்று நானே வைத்துக்கொள்கிறேன். மே மாதத்திலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரி இல்லையே!

தங்கத் தகட்டை லேசரால் அடித்து எதிர்ப்பொருளான பாசிட்ரானைக் கற்றையாய் எடுப்போம், கருந்துளை உமிழ்கிற மாதிரியே மேஜைமேல் ஓடவிடுவோம் என்று படிக்கிற காலத்தில் நாமிருவரும் பிதற்றினோமே, அந்தக் கற்றையை எடுத்தேவிட்டேன். ஆனால் யாரோ ஒரு முகம் தெரியாத மதிப்பீட்டாளர், "பதிவுத் தட்டில் விழுந்த புள்ளி பாசிட்ரான் அல்ல, சிதறிய காமா கதிர்" என்று எழுதி, மே மாதமே கட்டுரையைத் திருப்பிவிட்டார். இந்த மாதம் 17ஆம் தேதி மூன்றே மூன்று முறை லேசரைச் சுட அனுமதி. அதிலும் நிரூபிக்காவிட்டால் என் குழுவைக் கலைத்துவிடுவார்கள்.

அந்த ஆள் மட்டும் கையில் கிடைக்கட்டும், தோலை உரித்துவிடுகிறேன்.

உன்
டார்லீன்


டுலூத்
பிப்ரவரி 9

அன்புள்ள டார்லீன்,

கத்தியைத் தீட்டிக்கொள். அந்த ஆள் நான்தான்.

உன் கட்டுரை என்று தெரிந்ததுமே மதிப்பிட மறுத்திருக்க வேண்டும். நான் விட்டுவிட்டு வந்த வேலையை நீ முடித்துவிட்டாய் என்ற பொறாமை. அப்புறம் எந்த முகத்தோடு உனக்கு எழுதுவது?

ஆனாலும் என் சந்தேகம் பொய்யில்லை. ஒரு முறை, தட்டுக்கு முன்னால் கற்றையை வளைக்கிற காந்தத்தைத் திருப்பிப் போட்டுச் சுடு. காமா கதிருக்குக் காந்தம் ஒரு பொருட்டே இல்லை, புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும். பாசிட்ரான் என்றால் எதிர்ப்பக்கம் போயாக வேண்டும்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஜெயித்துவிடு.

எவரெட்


ராச்செஸ்டர்
பிப்ரவரி 18

அடப் பாவி எவரெட்,

உன் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். மறுநாள் பொறுக்கி ஒட்டினேன்.

முதல் முறை லேசர் சொதப்பியது. காந்தத்தைத் திருப்பாமல் சுட்ட இரண்டாவதில் புள்ளி பழைய இடத்திலேயே விழுந்தது. மிச்சம் ஒன்றுதான். காந்தத்தைத் திருப்பச் சொன்னதும் எங்கள் டெக்னீஷியன் டைரோன் முறைத்தான். "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? இருக்கிறதே ஒண்ணு!"

"திருப்புடா" என்றேன்.

தட்டைப் படிக்கும் அறைக்குள்ளிருந்து அவன் போட்ட கூச்சல் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். "டார்லீன், ஓடியா! தாவிடுச்சு! புள்ளி அந்தப் பக்கம் தாவிடுச்சு!"

கோடிகோடியாய்ப் பாசிட்ரான், எவரெட்! ஐம்பது வயதில் நடைபாதையில் குதித்தேன். அழுதேன். டைரோனைக் கட்டிக்கொண்டேன். ஊரெல்லாம் உறைந்து கிடக்கிற பனியிலும் எல்லோருமாய் வறுத்த மீன் தின்னப் போனோம். உன்னைத் திட்டித் திட்டியே தின்றேன்.

கோபம் இன்னும் போகவில்லை. போக நாளாகும். ஆனால் கட்டுரையைத் திருத்தி இன்று காலையே அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை அதை மதிப்பிட உன்னைக் கூப்பிட மாட்டார்கள். எழுதியவர்களில் இரண்டாவது பெயர் உன்னுடையது.

டார்லீன்