ஒரு சொட்டும் ஒழுகாத கலன்

நாள் 1. காலை 8.20

அறைக் காற்றழுத்தம் சரி. உயிர்க்காற்று இயந்திரம் ஓடுகிறது. பனிக்குழாய்ச் சூடு சரி. நிலையத்தில் ஆட்கள்: ஒருவர்.

அந்த ஒருவர் நான். கொம்பையா, வயது அறுபத்தொன்பது, பாத்திர வெல்டர். செவ்வாயின் தென்துருவத்தில் பனி வெட்டித் தண்ணீர் எடுக்கும் சின்ன நிலையம் இது. இதுவரை இந்தக் குறிப்பேட்டில் மற்றவர்கள் எழுதினார்கள், நான் கைநாட்டு வைத்தேன். இன்று நானே எழுதுகிறேன். மேலே உள்ள முதல் வரிக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து வாசித்தேன். நான் எழுதியது அப்படியே இருக்கிறது!

டாக்டர் பிலோமினாவும் வண்டி ஓட்டும் எட்வினும் இன்று காலை பெரிய முகாமுக்குக் கிளம்பினார்கள். அறுநூறு கிலோமீட்டர். சரக்கு ஏற்றிக்கொண்டு இருபது நாளில் திரும்புவார்கள். குழாய் உறையாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தாக வேண்டும்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது பிலோமினா. அவள் திரும்பி வரும்வரை விடாமல் குறிப்பு எழுதினால், பிறந்ததிலிருந்து மதுவைத் தொடாதவள் என்னோடு ஒரு டம்ளர் பீர் குடிப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். மால்ட்டும் ஈஸ்ட்டும் ஒளித்து வைத்த இடத்தை எட்வின் காட்டிவிட்டுப் போனான். இனி பீர் போட ஒரு கலன் தேட வேண்டும்.

நாள் 2. காலை 9.05

ஸ்டோரில் மூன்று கலன்கள்.

ஒன்று பிளாஸ்டிக் பீப்பாய். உள்ளே கீறல்கள். கீறலில் கிருமி குடியிருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. பழைய நாற்றமும் விடாது. வேண்டாம்.

இரண்டாவது எவர்சில்வர் டிரம். தகடு நல்லது. கையை உள்ளே விட்டு வெல்டிங் ஓடிய இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் வருடினேன். ரம்பப் பல் போலத் தட்டுகிறது. மேடு பள்ளமாக அவசரத்தில் பற்றவைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தில் புளிப்பு ஒளிந்துகொண்டு அடுத்த பீரையும் கெடுக்கும்.

மூன்றாவது புதிது. உறைகூடப் பிரிக்கவில்லை. எவர்சில்வர், அடிப்பக்கம் கூம்பு. உள்ளே டார்ச் அடித்தால் என் முகம் தெரிகிறது. கூம்பின் அடியில் ஈஸ்ட் வண்டல் தானாக இறங்கும், தெளிந்த பீரை மேலே எடுக்கலாம். இங்கே எடை குறைவு, ஆதலால் மெதுவாக இறங்கும். இறங்கட்டும், எனக்கென்ன அவசரம்.

இது உயிர்க்காற்று இயந்திரத்தின் மாற்றுத் தொட்டி. நான்கு வருடமாக யாரும் இதைத் தொடவில்லை. பீர் முடிந்ததும் கழுவி இடத்தில் வைத்துவிடலாம்.

நாள் 3. மாலை 4.40

இன்று நல்ல வேலை.

கூம்பின் அடியில் ஒரு தடித்த வளையம் இருந்தது, இயந்திரத்தில் பூட்டுவதற்கு. அதில் வண்டல் தேங்கும். அறுத்து எடுத்துவிட்டு ஒரு குழாய்த்திருகு வைத்தேன். வெளியே ஆர்கான் வாயு, உள்ளேயும் ஆர்கான் நிரப்பிப் பற்றவைத்தேன். அப்படிச் செய்தால்தான் உட்புறம் கருகாமல் வெள்ளிபோல் ஓடும். இரட்டிப்பு வாயு செலவாகும். பரவாயில்லை. நகத்தால் வருடினேன். எங்கே தகடு முடிகிறது, எங்கே வெல்டிங் தொடங்குகிறது, தெரியவில்லை. ஐம்பது வருடத்தில் இப்படி ஒன்று நான் வைத்ததில்லை.

ஆர்கான் உருளை காலி. எட்வின் புதிது கொண்டுவருவான். வளையத்தைத் திரும்ப ஒட்டுவது எனக்கு அரை மணி வேலை.

நாள் 5. காலை 10.00

வானொலியில் வந்தது, எட்வின் குரல்: "என்ன அண்ணாச்சி, எழுத்துக்கூட்டி முடிச்சாச்சா? இல்ல, பழையபடி பெருவிரல மையில முக்கிட்டீயளா?"

நான் அனுப்பியது: "ஏல, நீ பத்து வருசம் பள்ளிக்கூடம் போயி எழுதுனத விட நான் நல்லா எழுதுதேன். டீச்சரம்மாட்ட கேளு."

பிலோமினா: "அவன விடுங்க அண்ணாச்சி. 'ழ' ஒழுங்கா போடுதீயளா?"

போடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த எழுத்து அது. வளைத்த குழாய் போல இருக்கிறது. கலனைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. வரட்டும், பார்த்து அசரட்டும்.

நாள் 9. காலை 8.50

கலனில் பீர் நுரைத்துப் பொங்குகிறது. வாயு ஒரு ரப்பர் குழாய் வழியாக வெளியே போகிறது. டொப், டொப் என்று சத்தம். என்னைத் தவிர இங்கே மூச்சு விடுவது அது ஒன்றுதான்.

நாள் 14. பகல் 12.30

புழுதிப் புயல். வெளியே கை நீட்டினால் விரல் தெரியாது. பெரிய முகாமில் வண்டி எடுக்கத் தடை. குறைந்தது பத்து நாள் என்கிறார்கள்.

நாள் 16. காலை 6.15

உயிர்க்காற்று இயந்திரம் நின்றுவிட்டது. தொட்டியின் அடியில் பிளவு. வெல்டிங் ஓடிய கோட்டிலேயே விட்டிருக்கிறது. எந்தப் புண்ணியவான் பற்றவைத்தானோ.

பிலோமினா: "பயப்படாதீய அண்ணாச்சி. ஸ்டோர்ல புதுத் தொட்டி இருக்குல்லா? நாலு போல்ட்டுதான். நான் சொல்லச் சொல்ல மாட்டுங்க."

வானொலியை அணைத்துவிட்டு, அறுத்துப் போட்ட வளையத்தைத் தேடிப் போனேன்.

நாள் 16. பகல் 2.00

பீரை டிரம்மில் மாற்றினேன். வளையத்தை எடுத்துவந்து கூம்பில் பொருத்திப் பற்றவைத்தேன். ஆர்கான் இல்லாத வெல்டிங் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் செய்தேன். கருகிய வெல்லப்பாகு மாதிரி குமிழ் குமிழாக வந்தது. தண்ணீர் ஊற்றி அழுத்தம் ஏற்றினேன். பதினோரு இடத்தில் பீச்சியது.

நாள் 17. மாலை 5.30

பசை, ரப்பர் வளையம், கட்டுக்கம்பி எல்லாம் பார்த்தாயிற்று. பழைய தொட்டியின் பிளவையும் பார்த்தாயிற்று. அழுத்தம் ஏறினால் நிற்கவில்லை.

வானொலியில் சொல்லிவிட்டேன்: "தாயி, அந்தத் தொட்டில பீரு போட்டேன். அடிவளையத்த அறுத்துட்டேன்."



பிலோமினா: "ஏன் அண்ணாச்சி? டிரம்மு இருந்துச்சே."

நான்: "அதுல உள்வெல்டிங் சரியில்ல தாயி."

எட்வின் சிரித்தான். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. மால்ட்டை நான்தானே காட்டினேன் என்றான். அவனைப் பிலோமினா அதட்டினாள். கையிருப்பு உருளைகளில் உள்ள உயிர்க்காற்று எனக்கு இருபத்தைந்தாம் நாள்வரை வரும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னாள். அசையாமல் படுத்திருந்தால் இன்னும் ஒரு நாள்.

நாள் 19. காலை 9.40

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். கோடு சாய்கிறது, மன்னிக்கவும்.

பிலோமினா: "தடைய மீறிக் கெளம்பிட்டோம். வழி தெரியல, கயிறு கட்டி ஒருத்தர் வண்டிக்கு முன்னால நடக்கோம். பதினொரு நாள் ஆவும்."

நான்: "திரும்பிப் போங்க. கணக்கு எனக்கும் தெரியும்."

எட்வின்: "சும்மா கெடங்க. பீரு கெட்டுப்போவுமுல்லா."

பதினொரு நாள் என்றால் முப்பதாம் நாள்.

நாள் 21. காலை 11.10

அவர்கள் வரத்தான் போகிறார்கள். அப்போது நான் இருக்கமாட்டேன், அவ்வளவுதான். ஆனால் டிரம்மில் கிடந்தால் பீர் முப்பதாம் நாளுக்குள் புளித்துவிடும்.

எழுந்தேன். எழக்கூடாது என்று தெரியும். கூம்பில் ஒட்டிய கருப்பு வளையத்தைத் தட்டி உதிர்த்தேன். என் குழாய்த்திருகுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த வெல்டிங் அசையவில்லை. கலனைக் கழுவி, வெந்நீர் விட்டு, பீரைத் திரும்ப ஊற்றி மூடினேன். இதற்கு அரை நாள் காற்று செலவு. பிலோமினாவிடம் சொல்லவேண்டாம் என்று நினைத்தேன். குறிப்பில் எழுதிவிட்டேன், இனி தெரியும். எழுதத் தெரிந்தால் இது ஒரு தொல்லை.

நாள் 23. நேரம் பார்க்கவில்லை

தலைவலி. விரல் நுனி நீலம்.

இன்று முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் வாசித்தேன். எவ்வளவு எழுதியிருக்கிறேன்! என் அப்பா பெயர் எழுதினேன். உடைந்த தொட்டி மேல் சுண்ணக்கட்டியால் என் பெயரையும் எழுதினேன். நன்றாக இருக்கிறது.

வானொலியில் இரைச்சல். இடையில் எட்வின்: "அண்ணாச்சி… எழுதுதீயளா…"

எழுதுகிறேன் என்றேன். கேட்டதோ இல்லையோ.

நாள் 25

தெளிந்துவிட்டது. கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தேன். பொன் நிறம். குடிக்கவில்லை. சேர்ந்து குடிப்பதாகத்தான் பேச்சு.

மூன்று டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். என்னுடையதையும்.

நாள்

தாயி குறிப்பு விடவில்லை

கதவு திறந்ததும் இடப்பக்கம் கலன். திருகை மெதுவாகத் திருப்பவும். முதலில் வண்டல் வரும் அதைக் கொட்டவும். பிறகு வருவது நல்லது

நகத்தால் வருடிப் பார்க்கவும்

ஒரு சொட்டும் ஒழுகா