மாமன் மடி

அக்கா,

இன்று காலை கோயில் வாசலில் யாரோ ஒரு குழந்தைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஈரச் சந்தன வாசம் என்னை நேரே அரிமளத்துக்கு, உன் மூத்த மகனின் காதுகுத்துக்குக் கொண்டுபோய்விட்டது. நீ போய் ஒரு வருஷமாகப் போகிறது. இதைப் பேச வேறு ஆள் இல்லை, உனக்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. ராசுவுக்கு இருந்தது டவுன் சிண்ட்ரோம் என்று அப்போது நமக்குத் தெரியாது. உனக்குத் தம்பி, எனக்கு அண்ணன். பேச்சு குழறும், எதற்கும் கொஞ்சம் நேரம் ஆகும். நம் வீட்டில் அவ்வளவுதான். ஊர் வேறு மாதிரிச் சொன்னது.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மூத்த மாமன் ராசு. புது வேட்டி கசங்கிவிடும் என்று, நம் ஊர் வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தான். மணை போட்டதும் உன் மாமியார் என்னைப் பார்த்தார்.

“சின்னத்தம்பி, நீ ஒக்காரு. பெரியவன் புள்ளைய நழுவ விட்டுட்டா என்ன பண்றது?”

அண்ணன் மணையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்த நீ, பிள்ளையோடு முந்தின மாதம்தான் அரிமளத்துக்குத் திரும்பியிருந்தாய். குரலை உயர்த்தாமல் சொன்னாய்.

“பொறந்ததுலேர்ந்து எம்புள்ளையத் தூங்க வச்சது அவந்தாங்க, அத்தை. அவன் மடி இல்லாட்டி காது குத்தவே வேணாம்.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். “அண்ணன் நிக்கையில நான் எப்படிங்க ஒக்கார்றது?” என்றேன்.

மாமியார் பதில் சொல்வதற்குள், அவர் இடுப்பிலிருந்த உன் மகன் அண்ணனைப் பார்த்துவிட்டான். கைகளை நீட்டி அந்தப் பக்கமே சாய்ந்தான். இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை.

“சரி, ஒக்காருப்பா” என்று அவரே பிள்ளையைக் கொடுத்தார்.

ஊசி ஏறியதும் பிள்ளை வீறிட்டான். அண்ணன் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. பிடி மட்டும் தளரவில்லை. தொட்டிலாட்டும்போது போடும் ‘ம்ம்… ம்ம்…’ சத்தத்தைப் பிள்ளையின் காதோரம் போட்டான். மறு காதுக்கு வெறும் விசும்பல்தான். பந்தியில் முதல் இலையை அண்ணனுக்குப் போடச் சொன்னார் உன் மாமியார். நீ என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாய். உன் கல்யாணத்தன்றுகூட நீ அப்படிச் சிரிக்கவில்லை.

உன் அடுத்த பிள்ளைகளுக்குக் காது குத்தியபோது, “பெரிய மாமன் எங்க? கூப்பிடுங்க” என்று முதலில் கேட்டவரும் அவர்தான்.

அண்ணனும் போய்விட்டான், நீயும் போய்விட்டாய். கூடப் பிறந்தவர்கள் யார் யார் என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள். அக்கா, அண்ணன், நான் என்கிறேன். நடுவில் இருப்பவனை விட்டுவிட்டுச் சொல்ல உனக்கும் வந்ததில்லை, எனக்கும் வரவில்லை.