பக்தின்னு பேர் வச்ச பயம்

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்புள்ளன்னு எழுதவே கை கூசுது. பள்ளிக்கூடத்துல உங்களை சார்னுதான் கூப்பிடணும்னு வச்சிருந்தீங்க. வூட்டுலயும் பாதி நாள் சார்தான். நீங்க செத்தப்ப நான் அழலைன்னு அரியலூர்ல இன்னும் பேசிக்கிறாங்களாம். பேசட்டும்.

புஸ்தகத்துல கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறது எல்லாரும் செய்யறதுதான். நான் ஒருதரம் ஒத்தி, சரியா ஒத்தலைன்னு மறுபடி ஒத்தி, விட்டா அம்மா செத்துடுவாங்கன்னு பயந்து திரும்பத் திரும்ப ஒத்துவேன். கால் படாத புஸ்தகத்தையும் விடமாட்டேன். எட்டாவது படிச்சப்ப நீங்க என்ன செஞ்சீங்க? வகுப்பு முன்னால என்னை நிக்க வச்சு, "பாருங்கடா, படிப்பு மேல பக்தின்னா இதுதான்"னீங்க. அன்னிக்கு எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதை நினைச்சாத்தான் இப்பவும் வயிறு எரியுது.

அந்த வருஷம் முழுப்பரீட்சையில கேள்வித்தாள் காத்துல பறந்து காலடியில விழுந்துச்சு. பெல் அடிக்கிற வரைக்கும் அதையே ஒத்திக்கிட்டு இருந்தேன். எழுதாத பேப்பரைப் பார்த்ததும் அதே பக்தி உங்களுக்கு நடிப்பாத் தெரிஞ்சுது. அத்தனை பேர் முன்னால பிரம்பால விளாசினீங்க. வாத்தியார் மானம் போச்சுன்னு என் படிப்பையும் நிறுத்தினீங்க. ஏம்மா இப்படிப் பண்றேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

சித்திதான் உங்களோட சண்டை போட்டு என்னைத் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போய்ப் படிக்க வச்சாங்க. இது பிடிவாதம் இல்ல, வியாதி, ஒத்திக்க ஒத்திக்க பயம் கூடத்தான் செய்யும்னு அங்க ஒரு டாக்டர் சொன்னாரு.

இப்ப நான் ஆண்டிமடத்துல டீச்சர். என் வகுப்புல தனம்னு ஒரு பொண்ணு, அச்சு அசலா நான்தான். ஹெட்மாஸ்டர் அவளைப் பிரேயர்ல நிக்க வச்சுப் புகழணும்னாரு. முடியாதுன்னுட்டேன். யாரும் சிரிக்காம பார்த்துக்கிறேன், எழுத நேரம் கூடக் குடுக்கிறேன்.

நேத்து அவ ஒத்த ஆரம்பிச்சதும் பக்கத்துல உக்காந்தேன். என் புஸ்தகத்தைத் தரையில வச்சு, அவ பார்க்க வேணும்னே கால் வச்சேன். குனிஞ்சு தொடல. தானா கீழே போன கையைப் பாதியில இழுத்துக்கிட்டேன், இத்தனை வருஷம் கழிச்சும்.

"உங்களுக்கும் பயமா டீச்சர்?"னு கேட்டா.

ஆமான்னேன். ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தோம்.

அவ முழுப்பரீட்சை எழுதி முடிக்கட்டும். அந்தப் பேப்பரைக் கையில வாங்கிட்டு உங்க திவசத்துக்கு வரேன். அதுக்கு முன்னால வரமாட்டேன்.

இப்படிக்கு,
என்னிக்கும் நடிக்காத உங்க மக,
மல்லிகா