சிறுநீரில் இல்லாதது

புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தனுசியாவுக்கு,

எங்கள் வீட்டார் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அதில் நானும் ஒருத்தி. உங்களுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை, என் அண்ணை டிலக்ஷன், இரண்டு வருடமாக ஐஸ் போதை எடுக்கிறார்.

உங்கள் தொலைபேசி இலக்கத்தை அம்மா எனக்குத் தரவில்லை. அதனால்தான் மன்னாரில் நீங்கள் படிப்பிக்கும் பாடசாலைக்கு எழுதுகிறேன்.

உங்கள் மாமா அரசல்புரசலாக ஏதோ கேள்விப்பட்டு வந்து விசாரித்தபோது, அப்பா ஒரு பரிசோதனை அறிக்கையைக் காட்டினார் அல்லவா? அது கள்ள அறிக்கை இல்லை. சாவகச்சேரியில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் நானே செய்த பரிசோதனை. அண்ணையை ஒன்பது நாள் அறைக்குள் பூட்டி வைத்து, பத்தாம் நாள் அப்பா கூட்டிவந்தார். சிறுநீர்ப் போத்தலை என்னிடம் நீட்டி, "என்ன கீர்த்தி, சோதினை பாஸோ?" என்று அண்ணை சிரித்தார். பாஸ்தான். ஐஸ் நாலைந்து நாளில் சிறுநீரோடு போய்விடும். 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

போகாதது மூளையில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் நான் எழுதிய ஆய்வுக் கட்டுரையே இதைப் பற்றியதுதான். இப்படியான போதையை எலிகளுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், மூளையில் இன்பத்தை உணரும் பகுதியில் ஒரு புரதம் சேர்ந்துகொண்டே போகிறது. போதையை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் அது கிடக்கும். வேறு எந்தப் புரதங்களை எவ்வளவு உருவாக்குவது என்பதையும் அது மாற்றிவிடும். அதுவும் கரைந்த பிறகுகூட, அது செய்த மாற்றம் உடனே போவதில்லை. இதையெல்லாம் எந்தப் போத்தலிலும் பிடித்துப் பார்க்க முடியாது. கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அப்போது அது எலியின் மூளை.

அண்ணை கெட்டவர் இல்லை. போன கிழமை கிணற்றடியில் என்னிடம், "எனக்கு வேண்டாம் எண்டுதான் கிடக்கு. மண்டைக்குள்ளை ஆரோ இருந்து கேக்கிறான்" என்றார். அவருக்கு வேண்டியது வைத்தியம், அதுவும் மாதக்கணக்கில். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் கதைக்குமாம். ஐஸ் விற்கிறவனின் பெயரை வாய் திறந்து சொல்லாத ஊர், வைத்தியத்தை மட்டும் கதைக்கும். அந்த ஊருக்குப் பயந்துதான், உவனுக்கு ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் எல்லாம் சரிவரும் என்று அப்பா சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்தக் கால்கட்டு நீங்கள்.

உங்கள் படத்தைப் பார்த்த நாளிலிருந்து உங்களை மச்சாள் என்று கூப்பிட எனக்கு ஆசை. இந்தக் கடிதத்தோடு அது நடக்காமல் போகலாம். அண்ணையும் இனி என் முகத்தில் முழிக்காமல் விடலாம். அவர் உயிரோடு இருந்து கோபித்தால் எனக்குப் போதும்.

வருகிற வெள்ளிக்கிழமை கலியாண எழுத்து, பதிவாளர் வருவார். உங்களை வேண்டாம் என்று சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. எல்லாரும் இருக்கும்போது, "உங்கள் மகனை எந்த வைத்தியர் பார்க்கிறார்?" என்று என் அப்பாவிடம் கேளுங்கள். நான் நாலு தரம் கேட்டுவிட்டேன், எழும்பிப் போய்விடுகிறார். உங்களிடமிருந்து அப்படி எழும்பிப் போக முடியாது. அவர் ஒரு பெயரைச் சொல்லும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் நன்மையை வேண்டும்,
கீர்த்திகா