கற்திட்டையைத் தாண்டி ஒரு பெருக்கல் குறி

பெய்ராக்,
அக்டோபர் 9, வியாழன்

அன்புள்ள லூசியன்,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. டன்கெர்க்கில் கடற்காற்று ஓயாமல் அடிப்பது, மரிநெட்டுக்கு மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை கிடைத்தது, நீ ஓர் அருங்காட்சியகத்தின் வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுப்பது எல்லாம் அறிந்தேன். மூன்று முறை பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் வானிலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

இங்கே மழை பிந்திவிட்டது. மேட்டு நிலம் முழுவதும் புல் காய்ந்து, ஆடுகள் சுண்ணாம்புக் கல்லை நக்கிக்கொண்டு நிற்கின்றன. மேயர் கற்திட்டைக்குப் பக்கத்தில் பச்சை பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி வைத்திருக்கிறார். ஐயாயிரம் வருடம் துணையில்லாமல் நின்ற கல்லுக்கு இப்படி ஒரு துணை. ஆட்சேபித்துக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. பள்ளியில் என்னைத் தாண்டி, ரோமானியர் சாலைக்கும் மாட்டுத் தடத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவனைத் தலைமை ஆசிரியராக்கிவிட்டார்கள். பார், ஒரு பத்தி முடிவதற்குள் இரண்டு குறைகள். எனக்கு எப்போதும் இதுதான் முதலில் வரும். நீ கேட்டதற்கு வருகிறேன்.

துலூஸிலிருந்து ஒருவர் உங்கள் பழைய மாவு ஆலைவீட்டை வாங்க வருகிறார், இருபதாம் தேதி நோட்டரியிடம் கையெழுத்து, அதற்கு முன் சாவியை அவரிடம் கொடுத்துச் சுற்றிக் காட்டு என்று எழுதியிருந்தாய். கீழே மரிநெட்டின் கையெழுத்தில் நான்கு வரி: "நீ படிச்சவன், ரெமி. ஒளிக்காம சொல்லு. முதல் வருஷம் நடக்கறவங்க அவ்வளவு பேர் நம்ம வீட்டுல சாப்பிட வந்தாங்க. அப்புறம் ஏன் ஒருத்தரும் வரல? என் சமையல் சரியில்லையா, இல்ல இடமே பாக்கச் சகிக்கலையா?"

அவளுடைய சமையலில் குறையில்லை. இடத்திலும் இல்லை. நடந்து வந்தவர்களை நான்தான் வேறு பக்கம் அனுப்பினேன்.

நம் புத்தகம் வெளிவந்த வசந்த காலம் நினைவிருக்கும். பதினான்கு நடைப் பாதைகள். படமும் வரைபடமும் உன்னுடையவை. ஒவ்வொரு கல்லுக்கும் ஒவ்வொரு கோபுரத்துக்கும் வரலாறு எழுதியவன் நான். அட்டையில் உன் பெயர் மட்டும் வந்தது. என் பெயர் கடைசிப் பக்கத்தில், நகல் இயந்திரத்தை இரவல் கொடுத்த மளிகைக்கடைக்காரிக்கும், இரண்டாம் பாதையில் உன்னுடன் வந்த கழுதைக்கும் நடுவே நன்றியாக வந்தது. நீ அதைப் படித்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்று மாலை உன் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி வராமல் இருந்தேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. அட்டையில் என் பெயர் இருந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நான் செய்தது அதற்குப் பதில் இல்லை.

அந்த அக்டோபரில் பாதைக் குறிகளைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. தனியாக ஒருவர் சாயம் பூசப் போகக் கூடாது என்பது நம் நடைச் சங்கத்தின் விதி. என்னுடன் வரவேண்டிய ஜெர்மேனுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. தனியாகப் போனேன். ஏழாம் பாதையில் கற்திட்டையைத் தாண்டினால் வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் அந்தப் பழைய ஓக் மரம். இடது பக்கம் பள்ளத்தாக்குக்கு இறங்கி உன் ஆலை, ஓடையைக் கடந்தால் சிற்றாலயம். வலது பக்கம் தார்ச்சாலை. ஒற்றைக் கோடு என்றால் வா, பெருக்கல் குறி என்றால் இது வழியில்லை. நடக்கிற எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. இடது பக்கம் மஞ்சளில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். வலது பக்கம் ஒரு கோடு. அங்கிருந்து பன்றிக்கொட்டகைக்குப் பின்னால், மூடிய கல்குவாரி ஓரமாக, ஊர்வரை கோடுகளைக் கொண்டுபோய் முடித்தேன். ஓரம் பிசகாமல், சுத்தமாகப் பூசினேன்.

புத்தகத்தில் இடது என்று இருந்தது. ஆனால் களைத்து வருகிறவன் புத்தகத்தைவிட மரத்தில் இருக்கும் சாயத்தைத்தான் நம்புவான். நம் ஊர்க்காரர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. பிறந்த இடத்தில் யார் குறி பார்த்து நடக்கிறார்கள்? நீயும் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து சிற்றாலயத்தின் கூரைக்குக் கீழே கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கும் அந்தக் கல்முகங்களையும் இரண்டு கோடைகள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. வரலாறு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் செய்த காரியம் இது.

இதுவரை எழுதியதை ஒரு கோபக்காரனின் சின்னத்தனம் என்று நீ மன்னித்துவிடக்கூடும். இனி எழுதப்போவதை மன்னிக்காதே.

அடுத்த ஜூலையில் ஒரு பிற்பகல் உன் வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் நீளமேசை, பன்னிரண்டு நாற்காலி, ஒருவரும் இல்லை. மரிநெட் தட்டு அகலத்தில் ஒரு முழு பிளம் பணியாரத்தைத் துண்டு போட்டு என் முன் வைத்தாள். "வெட்கப்படாம சாப்பிடு ரெமி. கோழிக்குப் போடறதுக்கு நீ தின்னா எனக்குச் சந்தோஷம்" என்றாள். நீ உடனே, "இவனா வெட்கப்படுவான்? எங்க கல்யாணத்துல மூணு தடவ தட்ட நீட்டின ஆளு!" என்றாய். நான் நான்கு துண்டு சாப்பிட்டேன். என்னால் வராமல் போனவர்களுக்காகச் சுட்டது அது. நன்றாக இருந்தது.

அப்போதுதான் கேட்டாய். "ஏன்டா, ஓடைக்கரையில நிக்கிற அந்த பாப்லர் மரங்க சின்னக் கோயில மறைக்குதோ? அதான் யாரும் இறங்கி வரலையோ?" நான் வாயைத் துடைத்துக்கொண்டு, "இருக்கலாம்" என்றேன்.

ஒரே ஒரு சொல். அடுத்த வாரம் ஒன்பது மரங்களையும் வெட்டினாய். கிளைகளை இழுத்துப்போட நானும் வந்தேன். என் கை கீறிவிடும் என்று உன் கையுறைகளைக் கழற்றி எனக்குக் கொடுத்தாய். கடைசி மரம் விழுந்ததும் சிற்றாலயம் பளிச்சென்று தெரிந்தது. மரிநெட் கைதட்டினாள். அந்தக் கோடை முடியும்வரை ஒருவரும் வரவில்லை. குளிர்காலம் வந்ததும் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

போன ஞாயிறு சங்கத்தின் பொது நடை, ஏழாம் பாதை. வழக்கம்போல நான்தான் முன்னால் நடந்து விளக்கம் சொன்னேன். கூட்டத்தில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலிருந்து வந்த ஒரு பெண், கையில் நம் புத்தகம். ஓக் மரத்தடியில் நின்று, "புத்தகம் இடதுன்னு சொல்லுது, மரம் கூடாதுன்னு சொல்லுது. எது பொய்?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் நம் தலைவி உகெத் முந்திக்கொண்டாள். "அம்மா, இருபது வருஷமா இவர்தான் குறி போடறார். இவர் கை ஒரு விரல் பிசகாது. அந்தப் பக்கம் மண் சரிஞ்சிருக்கும், இல்லையா ரெமி?" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு பன்றிக்கொட்டகைக்குப் பின்னால் அத்தனை பேரையும் வரிசையாக நடத்திக்கொண்டு போனேன். அந்தப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்ததும் கம்பி பிரஷையும் மஞ்சள் சாய டப்பாவையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். சுரண்ட ஆரம்பித்தேன். பாதிக் குறி போயிற்று. அப்போதுதான் புரிந்தது, முழுவதும் சுரண்டிவிட்டால் நான் செய்ததற்கு அடையாளமே இருக்காது, போட்டதைப் போலவே அழித்ததும் களவாகத்தான் இருக்கும் என்று. பிரஷைக் கீழே வைத்துவிட்டு உகெத்தின் வீட்டுக்குப் போய் அவளை அழைத்து வந்தேன். ஜெர்மேனும் முழங்காலை இழுத்துக்கொண்டு கூட வந்தான்.

நான் சொல்லி முடிக்கும்வரை உகெத் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வருஷா வருஷம் அறிக்கையில 'ஏழாம் பாதை சரி'ன்னு கையெழுத்துப் போட்டவ நான். ஞாயித்துக்கிழம அவ்வளவு பேருக்கு முன்னாடி உனக்காகப் பேசினவளும் நான்" என்றாள். ஜெர்மேன், "என் முழங்காலுக்கு இவ்வளவு பெரிய பொறுப்பு இருந்தது தெரியாமப் போச்சே" என்றான். யாரும் சிரிக்கவில்லை. மிச்சத்தைச் சுரண்டப் போனேன். "தொடாத. லூசியன் வந்து பாக்கட்டும். சாய டப்பாவக் கீழ வச்சுட்டுப் போ" என்றாள். வைத்துவிட்டு வந்தேன். தார்ச்சாலைக் குறிகளை அவர்கள் இருவரும் நேற்று அழித்துவிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. சங்கக் கூட்டம் அடுத்த வெள்ளி. என் பெயரை நீக்குவார்கள். அதில் எனக்குக் குறையில்லை, முதல் தடவையாக.

துலூஸ்காரருக்கு நான் வீட்டைத் திறந்து காட்டவில்லை. சாவியை உகெத்திடம் கொடுத்துவிட்டேன். அது என் கையில் இருக்கக் கூடாது. இன்னும் எதிலும் கையெழுத்திடவில்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் நாளையே நோட்டரியைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தேதியைத் தள்ளிவைக்கச் சொல். அதன் பிறகும் விற்பதுதான் சரி என்று தோன்றினால் விற்றுவிடு. ஆனால், யாருக்கும் பிடிக்காத இடம் என்று நினைத்துக்கொண்டு விற்காதே. முதல் கோடையில் வந்தவர்கள் வந்ததுதான் உண்மை. பிறகு நடந்தது என் பொய். வெட்டிய மரங்களை என்னால் திருப்பித் தர முடியாது.

இந்தக் கடிதத்தை மரிநெட்டுக்கு வாசித்துக் காட்டு. எனக்காக எதையும் மழுப்பாதே. அவள் நேராகக் கேட்டாள், நேராகத்தான் பதில் போக வேண்டும்.

நீங்கள் வருவதானால் எந்த ரயில் என்று உகெத்துக்குச் சொல்லுங்கள், நிலையத்துக்கு அவள் கார் கொண்டு வருவாள். அந்த நேரத்தில் நான் தெருப்பக்கம் தலைகாட்ட மாட்டேன். வந்து நில் என்று நீ சொன்னால், எந்த மழையிலும் நிலைய வாசலில் நிற்பேன்.

அந்தக் கடற்காற்றில் மரிநெட்டின் மூட்டுவலி கூடாமல் இருக்கட்டும். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

ரெமி