நாற்பத்தேழாம் நம்பர்

முருகன் துணை

பீர்க்கன்கரணை,
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை.

என் கண்ணு வெற்றிவேலுக்கு உன் ஆயா சாமுண்டீஸ்வரி எழுதுவது.

அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறதாமே, உன் அம்மா சொன்னாள். குல்லா போட்டுக்கொண்டு வேலைக்குப் போ. மான்செஸ்டரில் யார் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள்? இங்கே மழை விட்டுவிட்டது. ஏரித் தண்ணீர் தெருவிலிருந்து வடிந்து, வாசலில் போட்ட மணல் மூட்டைகள் மட்டும் கிடக்கின்றன. அவற்றை இழுத்துப் போட எனக்குத் தெம்பில்லை. கிடக்கட்டும்.

பெட்டி வரவில்லை என்று உன் சிநேகிதன் உஸாமாவைக் கோபித்துக்கொள்ளாதே. அவன் பொழிச்சலூரிலிருந்து அட்டைப் பெட்டி, குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள் எல்லாம் எடுத்துக்கொண்டு சரியாகத்தான் வந்தான். நான்தான் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன். தாத்தா ஸ்டுடியோவில் பாட்டுகளுக்கு வாசித்த ஜப்பான் சிந்தசைசர் பெட்டி இந்த வீட்டைவிட்டு இப்போது போக முடியாது. ஏன் என்று போனில் சொல்ல முடியவில்லை. நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வாய் போனாலும் காது அப்படியே இருக்கிறது. அதனால்தான் காகிதம். இதை உஸாமா போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவான். படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். படித்தாலும் படிக்கட்டும்.

நீ கேட்டதில் தப்பில்லை. உன் அப்பா உன்னிடம் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். என்னிடமும் அதையேதான் சொன்னான். அப்பா இனிமே எங்கம்மா வாசிக்கப் போறாரு, சும்மா தூசி புடிச்சிக் கிடக்குது, பையன் ஆசையா கேக்கறான், குடுத்துடும்மா என்றான். அவன் வண்டலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறவன். வந்தால் மருந்து, மாத்திரை, கரண்ட் பில் என்று ஓடுகிறவன். மற்ற நாட்களில் இங்கே என்ன நடக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

நடப்பது இதுதான். பக்கவாதம் வந்து பேச்சுப் போன பிறகு உன் தாத்தா அந்தப் பெட்டியில்தான் பேசினார். வலது கை மடியிலேயே கிடக்கும். இடது கையால் சத்தத்தின் நம்பர் பட்டனைத் தட்டி, ஒரு கட்டையை அழுத்துவார். பன்னிரண்டாம் நம்பரில் மெல்லிசாகப் புல்லாங்குழல் மாதிரி வந்தால் தண்ணீர் வேண்டும். முப்பத்தொன்றில் ட்ரம்பெட் அலறினால் பாத்ரூம், அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வர வேண்டும். ஐம்பத்துமூன்று ஹெலிகாப்டர். அது வந்தால் நான் பார்க்கிற சீரியலை நிறுத்த வேண்டும் என்று அர்த்தம். கதாநாயகி அழ ஆரம்பித்தாலே ஹெலிகாப்டர் பறக்கும். ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராக வைத்தார், நானாகப் புரிந்துகொண்டேன்.

உன் அப்பா முதலில் ஒரு காலிங் பெல் வாங்கி அவர் கையில் கொடுத்தான். டிங் டாங். அதைக் கட்டிலுக்கு அடியில் தூக்கிப் போட்டார். பிறகு உன் அம்மா போனில் ஏதோ ஏற்றிக்கொண்டு வந்தாள். தொட்டால் ஒரு பெண் குரல், எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று செய்தி வாசிப்பது மாதிரி சொல்லும். சுருதி விலகிப் பாடுகிறவர்களை ஸ்டுடியோவில் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்தப் பார்வை பார்த்தார். உன் அம்மா போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாற்பத்தேழாம் நம்பர் ஒன்று உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் அவரே செய்தது. பித்தளைக் குடத்தின் வாயில் ஈரக்காற்று நுழைந்த மாதிரி இருக்கும். கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் உடனே அடங்காது. நான் சமையலறையிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து சேரும்வரை நிற்கும். அது தண்ணீருக்கும் இல்லை, மாத்திரைக்கும் இல்லை. வந்தால் பக்கத்து நாற்காலியைக் கண்ணால் காட்டுவார். உட்காருவேன். அவ்வளவுதான்.

உஸாமா பெட்டி கட்ட வந்த அன்றைக்கு நாற்பத்தேழும் போயிற்று, மற்றவையும் போய்விட்டன. அவன் என்ன செய்வான் பாவம். விமானத்தில் போகிற சாமான், உள்ளே இருக்கிற பழைய பேட்டரி கசிந்தால் வம்பு, மாற்றிவிடலாம் என்றான். அந்தப் பேட்டரியை எடுத்தால் பெட்டி அறுபத்துநாலு சத்தத்தையும் மறந்துவிடுமாம். அதனால் கேசட் ஏதாவது இருக்குதா பாட்டிமா என்று முதலிலேயே கேட்டான். அந்தக் காலத்தில் சத்தங்களை எல்லாம் கேசட்டில் இறக்கி வைப்பார்கள், வேண்டும்போது திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். உன் தாத்தாவும் அப்படி ஒன்று வைத்திருந்தார். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அவர் கையெழுத்து இருந்தது, அப்புறம் என்ன சந்தேகம்? அவன் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கேசட்டைப் போட்டான்.

அதிலிருந்து உன் அம்மாவின் கொலுப் பாட்டு வந்தது.

நீ குழந்தையாக இருந்தபோது நடந்திருக்க வேண்டும். அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்த்தால் கிரீச் கிரீச்சென்று காதைக் கிழிக்கும். பெட்டிக்கு அது பாஷை, நமக்குத் தெரியுமா? உன் அம்மா அதைக் கெட்டுப்போன கேசட் என்று நினைத்துவிட்டாள். யாரும் மேலே பதியக்கூடாது என்று தாத்தா கேசட்டின் முதுகில் இருக்கிற பிளாஸ்டிக் துண்டை உடைத்து வைத்திருந்தார். அவள் ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி, காலனிப் பெண்களை உட்கார வைத்துப் பாட்டைப் பதிந்துவிட்டாள். நடுவில் நீ வேறு அழுகிறாய். உஸாமா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இன்னா பாட்டிமா இது, மிஷினுக்குப் போயி கொலுப் பாட்டு கேக்க வுட்டுட்டமே, அது சுண்டல்தான் கேக்கும் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் தாத்தாவும் ஒரு பக்க வாயால் சிரித்தார். என்ன போயிற்று என்று அப்போது எங்கள் இருவருக்கும் முழுசாக உறைக்கவில்லை.

இதை உன் அம்மாவிடம் கேட்காதே. அவளுக்குத் தெரிய வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஓடுகிற ஓட்டத்திலும் வாரம் தவறாமல் அவருக்கு நகம் வெட்டிவிடுகிறவள் அவள்தான்.

அதற்குப் பிறகு எந்த நம்பரைத் தட்டினாலும் ஒரே விசில். குக்கர் வைத்த மாதிரி. தண்ணீருக்கும் அதுதான், பாத்ரூமுக்கும் அதுதான். ஒரு நாள் விசில் கேட்டு நான் டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கு வேண்டியிருந்தது அது இல்லை. மேலே எழுத வேண்டாம். வேட்டியை மாற்றும்போது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு விசில் தண்ணீர், இரண்டு விசில் பாத்ரூம் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பதிலுக்குப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டார். அன்றிலிருந்து சாப்பாடும் பாதியாகிவிட்டது.

சரி என்று பரணிலிருந்த பத்திரிகைகளை உஸாமாவை இறக்கித் தரச் சொன்னேன். நீ சின்ன வயதில் படம் பார்ப்பாயே, அந்த இங்கிலீஷ் பத்திரிகைகள்தான். கப்பலில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் லண்டனிலிருந்து உன் தாத்தாவுக்குக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார். பின்பக்கங்களில் சமையல் குறிப்பு மாதிரி சத்தக் குறிப்பு போட்டிருக்கும். இந்த எண்ணுக்கு இவ்வளவு, அந்த எண்ணுக்கு அவ்வளவு என்று கட்டம் கட்டி. உன் அப்பா பிறந்த புதிதில் நான் அவனைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே அந்த எண்களை வாசிப்பேன், உன் தாத்தா பட்டனைத் தட்டி ஏற்றுவார். என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் ஒரு சத்தம் எழும்பி, தணிந்து, நின்று, அடங்குகிற அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் நாலும் எனக்கு அத்துப்படி. நான் வாசித்து ஒரு எண் தப்பியது கிடையாது. இதை உன் சிநேகிதர்களிடம் தாராளமாகச் சொல்லிக்கொள்.

உனக்குச் சொன்னேனா, இன்னொரு பெட்டியும் இருந்தது, சாம்ப்ளர். எந்தச் சத்தத்தைப் பிடித்துக் கொடுத்தாலும் அதைக் கட்டையில் வாசிக்கலாம். வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போய் சிங்கத்தின் உறுமலைப் பிடித்துக்கொண்டு வந்தார். கீழ்க் கட்டையில் அமுக்கினால் வீடே அதிரும். மேலே போகப் போகச் சிங்கம் பூனைக்குட்டியாகிவிடும். உன் அப்பா சோறு சாப்பிடாவிட்டால் கீழ்க் கட்டை. அது எப்போதோ செத்துவிட்டது. கையில் இருப்பது இந்த ஒன்றுதான்.

மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தேன். மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஜன்னலோரம் உட்காருவோம். கண்ணில் புரை, பூதக்கண்ணாடி வைத்துத்தான் எழுத்துத் தெரிகிறது. நான் சொல்ல, அவர் இடது கையால் தட்டுவார். முன்பெல்லாம் நான் மூச்சு விடுவதற்குள் தட்டி முடித்துவிடுவார். இப்போது ஒரு எண்ணுக்கே விரல் தேடுகிறது. நான் காத்திருக்கிறேன். சில நாள் வாசித்துக்கொண்டே எனக்குக் கண் சொக்கிவிடும். அவர் கட்டையை மெதுவாகத் தட்டி எழுப்புவார். இப்படியே புல்லாங்குழல் வந்துவிட்டது, ட்ரம்பெட் வந்துவிட்டது. ஹெலிகாப்டரையும் விடாமல் கொண்டுவந்துவிட்டார். சாப்பாடு கொஞ்சம் தேறியது.

நாற்பத்தேழு மட்டும் வரவில்லை. அதற்குக் குறிப்பு இல்லையே. அவராகத் தேடுகிறார். குடம் வருகிறது, காற்று வரவில்லை. காற்று வந்தால் விரலை எடுத்ததும் வெட்டினாற்போல் நின்றுவிடுகிறது. தலையை ஆட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். கொஞ்ச நேரத்தில் கை மடியில் விழுந்துவிடும். போதுங்க, நான் இங்கேதானே உட்கார்ந்திருக்கேன், எதுக்குக் கூப்பிடணும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்கிற ஆளா?

போன வாரம் டாக்டரிடம் போனோம். டாக்டர் உன் அப்பாவை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவன் வண்டி நிறுத்திய சீட்டைச் சட்டைப் பையில் தேடினான், பேன்ட் பையில் தேடினான், மறுபடியும் சட்டைப் பையில் தேடினான். சீட்டு அவன் கையிலேயே இருந்தது. வழியில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான். உன்னிடம் எதையும் சொல்லியிருக்க மாட்டான். உனக்கு வேலை புதுசு, லீவு கிடைக்காது என்பான்.

நேற்றுத்தான் ஒன்று நடந்தது. தேடித் தேடி அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தவர், திடீரென்று பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டார். அங்கிருந்து விரலால் காற்றில் ஒயர் மாதிரி ஒரு கோடு இழுத்து, கதவோரம் இருக்கிற முக்காலியில் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு இடது காதைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நீ போன தடவை வந்தபோது அந்த முக்காலியில்தானே லேப்டாப்பை வைத்து, ஒயர் மாட்டி, பெட்டியிலிருந்து அந்தக் கிரீச் சத்தத்தைப் பூராவும் இழுத்துக்கொண்டாய்? ஐயோ நிறுத்துடா என்று நான் கத்தினேன், நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். அந்தக் கிரீச்சில்தான் நாற்பத்தேழு இருக்கிறது.

உடனே உஸாமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அட, இருந்தா மெயில்ல அனுப்பச் சொல்லுங்க பாட்டிமா, நானே வந்து ஏத்திக் குடுக்கறேன், அஞ்சு நிமிஷ வேலை என்று குதித்தான். நீ எழுத வேண்டாம்ப்பா, நான் எழுதிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கண்ணு, அதைத் தேடி எடுத்து இன்றைக்கே அனுப்பிவிடு. காத்திருக்க வைக்காதே. ஆனால் சத்தத்தை அனுப்பிவிட்டோம், அதுவே போதும் என்று இருந்துவிடாதே. அது முன்னால் வரட்டும், பின்னாலேயே நீ கிளம்பி வா. அடுத்த வருஷம், கோடை லீவு என்று கணக்குப் போடாதே. உன் முதலாளியிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல். தாத்தாவை வைத்துச் சொன்னாலும் குற்றமில்லை, அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பெட்டி உனக்குத்தான், வேறு யாருக்கு? அதை நீயே ஒரு நாள் வந்து எடுத்துக்கொண்டு போவாய். அந்த நாளைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் வைத்திருக்கிறார். எனக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, சீரியலுக்குக்கூட ஒன்று. நீ வாசலில் வந்து நின்றால் உன்னைக் கூப்பிட அவரிடம் சத்தம் இல்லை. உனக்கு எந்த நம்பர் என்று கேட்டேன். நாற்பத்தெட்டைத் தட்டிவிட்டு, கட்டையை அழுத்தாமல் என்னைப் பார்த்தார். அதை நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுமே செய்யவில்லை, வெறுமனே விட்டிருக்கிறோம். அந்தச் சத்தத்தை நீ வந்து உன் கையால் வைத்துக்கொடு. அவர் விரல் இன்னும் அழுத்துகிறது.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், ராஜா. வழியில் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர முருகன் கூட இருப்பான்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
ஆயா
சாமுண்டீஸ்வரி சம்பந்தம்